மூன்றாவது பட்டை

வலது தோளில் யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோனதுபோல வலித்தது அக்காவுக்கு. காலையில் தலைவாரக் கையைத் தூக்கினால் கண்ணில் பூச்சி பறந்தது. பட்டறைக்கு வந்து, வெல்டிங் ஹோல்டரைப் பிடித்து, முதல் ராடில் நெருப்புப் பறக்கத் தொடங்கிவிட்டால் வலி ஒரு மூலைக்கு ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்குமே தவிரப் போகாது. சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நான் எங்கேயும் போய்விடவில்லை என்று திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாம் அந்தக் கதவால் வந்தது. பதினைந்தடி உயரம். பதினொரு இரும்புப் பட்டைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். படுக்கவைக்கப் பட்டறையில் இடமில்லை. நிறுத்திவைத்து, ஏணியில் ஏறி, தலைக்கு மேலே கையை உயர்த்தித்தான் பற்றவைக்க வேண்டும். ஐந்து வாரத்தில் வேண்டும் என்று சினிமாக் கம்பெனி கேட்டிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அப்படிப்பட்ட வேலை தோளைத்தான் தின்னும்.

வேறு வேலையாக இருந்தால் முதலாளியிடம் முணுமுணுத்திருப்பாள். இதற்கு வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அது பட்டறையே சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்த கதையின் கதவு; அந்தக் கதையைத்தான் படமாக எடுக்கிறார்கள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா பத்துப் பக்கம் சத்தமாக வாசிப்பாள். அதற்குப் பதிலாக அவள் பங்குக்கு உள்ள இரும்புத்தூளை மற்றவர்கள் கூட்டி அள்ளிவிடுவார்கள். ஐந்து பாகமாக வந்த அந்த மந்திரக் கதையில், மகள் படித்துமுடித்துப் போட்ட முதல் பாகத்தை அவள் நான்கு வருஷத்துக்கு முன்னால் டிபன் பையில் வைத்துக்கொண்டு வந்ததில் தொடங்கியது. "மந்திரம், பறக்குற பல்லி, இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா?" என்றார் கட்டர் அண்ணன். இரும்பு வெட்டுகிறவர், அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்றாம் நாள் கைகூடக் கழுவாமல் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அப்புறம் அவரே ஒரு சட்டமும் போட்டார்: யாரும் தனியாக முன்னால் புரட்டக் கூடாது. புத்தகங்களுக்கென்று ஓர் இரும்புப் பெட்டி செய்து, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் வாசித்த விதமும் தனி. அரண்மனை, காதல், சாபம் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்பார்கள். கதையில் எங்கேயாவது இரும்பு வந்துவிட்டால் போச்சு, வாசிப்பு நின்றுவிடும். வாளை எந்த எண்ணெயில் தோய்த்தான், சங்கிலி எத்தனை மணங்கு தாங்கும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். முதல் பாகத்தில் ஒரே ஒரு வரி. கோட்டைக் கதவைச் செய்கிற கொல்லத்திக்கு, மகள் திரும்பி வரவில்லை என்று சேதி வருகிறது. அவள் கை நின்றுவிடுகிறது. மூன்றாவது பட்டை கோணலாகவே ஆறிப்போகிறது. அந்த ஒரு வரிக்கு இரண்டு மதியம் சண்டை.

"மறுபடி சூடு பண்ணி ஒரு தட்டு தட்டினா நேராயிடுமே, ஏன் விட்டா?" என்றான் தூசி. கிரைண்டர் பிடிக்கிறவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். தலை முதல் கால் வரை இரும்புத்தூள் படிந்தே இருப்பதால் அந்தப் பெயர்.

"முடியாம விடல. மனசில்லாம விட்டா," என்றார் கட்டர் அண்ணன்.

அந்த மகள்தான் கதையின் நாயகி. இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாதவள். ஐந்தாம் பாகத்தின் கடைசியில், புகையில் கண் தெரியாமல், ஒரு கதவைப் பட்டை பட்டையாகத் தடவிக்கொண்டு வருகிறாள். மூன்றாவதில் கை நிற்கிறது. இது அம்மா செய்த கதவு என்று தெரிந்துகொள்கிறாள். உள்ளே அம்மா இருக்கிறாளா, இவள் வாய் திறந்து கூப்பிடுவாளா? சரியாக அந்த இடத்தில்தான் சினிமாக் கம்பெனியின் வேலை வந்து விழுந்தது. ஐந்து வாரத்துக்குச் சாப்பிடவே நேரமில்லை, எங்கே வாசிப்பது? இன்னும் நாற்பத்திரண்டு பக்கம் பாக்கி. கதையின் கதவைச் செய்ததில் கதை நின்றுபோனது.

"கதவை முடிச்ச மறுநாளே உட்காந்து வாசிச்சிடறேன்ணே," என்று அக்கா சொல்லியிருந்தாள்.

வரைபடத்தில் பதினொரு பட்டையும் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தன. அக்கா பார்த்துவிட்டுச் சுருட்டி வைத்தாள். ரசமட்டத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு இரண்டு பட்டைகளைப் பற்றவைத்தாள். மூன்றாவதைத் தூக்கி நிறுத்தியபோது அது சட்டத்தில் உட்காரவில்லை. அரை அங்குலம் கூடுதல். கட்டர் அண்ணன் வெட்டியதில் அரை அங்குலம் பிசகி அவள் பார்த்ததே கிடையாது.

"என்னண்ணே இது?"

"வளைச்சா நீளம் குறையுமில்ல," என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அக்கா ஏணியிலிருந்து இறங்கினாள். தூசி கிரைண்டரை அணைத்தான். கேஸ் டார்ச்சை எடுத்துப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சினார்கள். கட்டர் அண்ணன் ஒரு முனை, தூசி ஒரு முனை. இரண்டே இழுப்பு. கதையில் சொன்னபடி கோணலாக, எட்டு விரல்கடை வளைந்து நின்றது. அப்புறம் அது சட்டத்தில் அச்சாக உட்கார்ந்தது.

ஐந்தாம் வாரக் கடைசியில் சினிமாக் கம்பெனியிலிருந்து செட் போடுகிற மனிதர் வந்தார். கையில் சுருட்டிய வரைபடம், மூக்கில் கண்ணாடி. கதவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மூன்றாவது பட்டைக்கு எதிரே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது கோணலா இருக்கே."

"ஆமாங்க," என்றாள் அக்கா.

முதலாளிக்கு முகம் வெளுத்தது. "அக்கா! என்ன ஆச்சு உங்களுக்கு? இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை... சார், இன்னிக்குள்ள நிமித்திடுறோம் சார், கவலைப்படாதீங்க."

"தெரிஞ்சேதான் வளைச்சோம்," என்றாள் அக்கா.

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு கூசியது. அவள் பற்றவைத்த மூலையில் மூலைமட்டத்தை வைத்தால் தலைமயிர் நுழைய இடமிருக்காது. கோணல் வேலை செய்கிறவர்களை அவள் மனிதர்களாகவே மதித்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோணலுக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க வேண்டி வந்தது.

கட்டர் அண்ணன் பெட்டியைத் திறந்து முதல் பாகத்தை எடுத்து நீட்டினார். அந்தப் பக்கம் தேட வேண்டியதில்லை, கரி படிந்த கட்டைவிரல் அடையாளங்களோடு தானாகத் திறந்துகொண்டது. அக்கா வாசித்தாள். ஒரு வரிதான் வாசிக்க நினைத்தாள். மதிய வழக்கம் விடவில்லை, பக்கம் முழுக்க வாசித்து முடித்தாள். செட்காரர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"நானும் படிச்சிருக்கேன்மா. இந்த வரி எனக்கு ஞாபகமே இல்ல."

"நாங்க இரும்பு வேலைக்காரங்க. எங்களுக்கு இதுதான் ஞாபகம்."

அவர் தலையைச் சொறிந்தார். "படத்துல கொல்லத்தியே கிடையாதும்மா. தாடி வெச்ச ஒரு ஆள்தான் கதவு செய்யறான். ரெண்டே வசனம்."

அக்கா புத்தகத்தை மூடினாள்.

"அந்த ஆளுக்கு மகளாவது இருக்கா?" என்று கேட்டார் கட்டர் அண்ணன்.

"இல்லீங்க."

"அப்புறம் அவன் எதுக்குச் சுத்தியலைத் தூக்கறான்? சும்மா உடம்பு காட்டவா?"

தூசி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். அக்கா சிரிக்கவில்லை. "சார், அஞ்சாம் பாகத்துல அந்தப் பொண்ணு இந்தக் கோணலைத் தடவித்தான் அம்மா செஞ்ச கதவுன்னு கண்டுபிடிக்கறா. இப்ப நேரா விட்டுட்டா அப்ப என்ன செய்வீங்க?"

"முதல்ல இது ஓடணும்மா. அஞ்சாவது எடுப்போமோ மாட்டோமோ, யாருக்குத் தெரியும்?"

"எடுத்தா, படிச்சவங்க எல்லாரும் இந்தப் படத்தைத் திரும்பப் போட்டு இந்தக் கதவைத்தான் பாப்பாங்க. நேரா இருந்தா திட்டறது என்னை இல்ல, உங்களை."

அவர் பட்டையின் வளைவில் கையை வைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார். "எடுத்துட்டுப் போறேன். டைரக்டர் வேணாம்னு சொன்னா அங்கேயே ஆளை வெச்சு நிமித்திடுவோம்."

"நிமித்தறதா இருந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க. நானே வரேன். என் மூட்டுல வேற கை படக் கூடாது."

மறுநாள் கதவு லாரியில் போனது. அன்று மதியம் வாசிக்க உட்கார்ந்திருக்க வேண்டும். காலையிலேயே கட்டர் அண்ணனின் மகள் டாக்ஸியோடு வந்து நின்றாள். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. கதவு முடியட்டும் என்று அவர்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டிருக்கிறார். அரை அங்குலத்தை அவர் கண்ணால் அளந்திருக்க முடியாது, கையால் அளந்திருக்கிறார் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆபரேஷன், அப்புறம் மகள் வீட்டில் ஓய்வு. ஆறு மணிநேரப் பயணத் தூரம். போகிற அவசரத்திலும் பெட்டிச் சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனார்.

சினிமாக் கம்பெனியிலிருந்து ஆள் வரவில்லை, போனும் வரவில்லை. கோணலை விட்டுவிட்டார்களா, இவளுக்குச் சொல்லாமலே நிமிர்த்திவிட்டார்களா? ஏழு மாதம் அந்தக் கேள்வி அவளோடு எழுந்தது, அவளோடு படுத்தது. தோள்கூடக் கொஞ்சம் தேறியது, அது தேறவில்லை.

படம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சிக்குப் பட்டறையே போனது. முதலாளி, தூசி, அவன் மனைவி பிள்ளைகள், அக்கா, அவள் மகள். மகள் ஐந்து பாகத்தையும் எப்போதோ முடித்தவள். முடிவைப் பற்றி மூச்சு விட்டால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று நான்கு வருஷமாக அவளுக்கு மிரட்டல்.

விளக்கு அணைந்து பத்து நிமிஷம் ஆகவில்லை. திரையில் அந்தப் பேசாத பெண் திரும்பி, "யார் அங்கே?" என்றாள்.

"ஐயையோ, பேசிட்டா!" என்று தூசி அலறினான்.

"அஞ்சு பாகம் வாயைக் கட்டிட்டு இருந்தவ," என்று முதலாளி முனகினார். "இங்க பத்து நிமிஷம் தாங்கல."

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக விழுந்தது. அவளோடு கடைசிவரை நடக்கிற நொண்டி நாயைக் காணோம். தாடிக்காரன் வந்தான், சொன்னபடியே இரண்டு வசனம், சொன்னபடியே உடம்பு. பறக்கும் பல்லிகள் மட்டும் பிரமாதம். தூசியின் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அக்கா இருக்கையின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தாள். அவள் அந்தப் படத்தில் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தாள்.

வந்தது. புழுதி, குதிரைகள், அப்புறம் கோட்டைச் சுவர். கதவு திரை முழுக்க நின்றது. பதினைந்தடிக் கதவு திரையில் ஐம்பதடியாகத் தெரிந்தது. அக்கா எண்ணினாள். ஒன்று. இரண்டு.

மூன்றாவது கோணலாகவே நின்றது.

அதோடு விடவில்லை. அந்தப் பெண் கதவருகே வந்து நின்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து தீவட்டி வெளிச்சம் பட்டைகளுக்கு நடுவே பாய்ந்தது. பட்டைகளின் நிழல் அவள் மேல் விழுந்தது. நேரான நிழல்களுக்கு நடுவில் ஒரே ஒரு வளைந்த நிழல், சரியாக அவள் கன்னத்தில். மூன்று விநாடி இருக்கும். தானாக அப்படி விழாது. விளக்கு பிடிக்கிறவரோ கேமராக்காரரோ, யாரோ ஒருவர் அந்த வளைவைப் பார்த்து, வேண்டுமென்றே அங்கே விழ வைத்திருக்கிறார். கொல்லத்தி இல்லாத படத்தில் அவள் பட்டை மட்டும் மகளைத் தொட்டது.

தூசி எழுந்து நின்று விசில் அடித்தான்.

"உட்காருங்க, மறைக்குது," என்றது பின்வரிசை.

"அது எங்க கதவுங்க! நாங்க வளைச்சதுங்க அது!"

"எவனாவது கோணலுக்கு விசிலடிப்பானா?"

"நாங்க அடிப்போம்," என்றார் முதலாளி, திரும்பிப் பார்த்து, கோட்டைக்கே உரிமையாளர்போல.

படம் முடிந்ததும் வரிசை வரிசையாகப் பெயர்கள் ஓடின. நாய்க்குத் தீனி போட்டவர் பெயர்கூட இருந்தது, நாய்தான் இல்லை. பட்டறையின் பெயர் இல்லை. அக்கா அதைத் தேடவும் இல்லை. வெளியே வெயிலில் வந்து நின்றபோது மகள் கேட்டாள், "எப்படிம்மா படம்?"

"நாயைக் கொன்னுட்டாங்க, வாயைத் திறந்துட்டாங்க, கொல்லத்திக்குத் தாடி ஒட்டிட்டாங்க." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கதவு கதவாவே இருக்குடி. புத்தகத்துல இருந்து அப்படியே வந்தது அது ஒண்ணுதான். அதை இந்தக் கை செஞ்சுது."

கட்டர் அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டாள். சர்க்கரை குறையாமல் தள்ளித் தள்ளிப் போய், போன வாரம்தான் ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது, இன்னொன்று இனிமேல். படம் பார்க்கக் கூடாது, படிக்கக் கூடாது.

"வந்துச்சா?" என்றார், யார் என்றுகூடக் கேட்காமல்.

"வந்துச்சுண்ணே. கோணலாவே. நிழல்கூட வந்துச்சு, அவ கன்னத்துல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அரை அங்குலம்," என்றார். "சரியாத்தான் வெட்டியிருக்கேன்."

"சரியாத்தான்ணே வெட்டினீங்க."

"சரி, படம் கிடக்கட்டும். அவ பேசறாளாமே, என் பேத்தி சொல்றா. புத்தகத்துலயும் பேசிடறாளா?"

"எனக்கென்னண்ணே தெரியும்? சாவி உங்ககிட்டல்ல இருக்கு."

"சாவியா, அது பத்திரமா இருக்கு. நீ பெட்டியைத் தூக்கிட்டு வா. கதவை முடிச்ச மறுநாள்னு சொன்னே. ஏழு மாசம் ஆச்சு."

"வரேன்ணே."

போனை வைத்தாள். தோள் மெல்ல வலித்தது. கட்டர் அண்ணனுக்கு அவள் தர வேண்டியது இன்னும் நாற்பத்திரண்டு பக்கம்.