மஞ்சள் விளக்கின் மேல் ஒரு லேபிள்

"கழட்டுறதுக்கு முன்னாடி எழுதணும். கண்ணால பாத்தது ஒண்ணு விடாம எழுதிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடணும், பாத்துக்கிடுங்க."

கோடை முகாம் தொடங்கிய நாளிலிருந்து கிருஷ்ணப்பிரியா மிஸ் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிக்காரி. நூம்பலில் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் மருத்துவக் கருவிப் பாடம் நடத்துகிறவள். பத்தாவது பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு மூன்று வாரப் பயிற்சி. இரண்டு பேருக்கு ஒரு பழுதான கருவி. என்ன கெட்டது, ஏன் கெட்டது என்று கடைசி நாளில் பெற்றவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்.

ஜஹானாராவுக்கும் ஜஸ்டினுக்கும் வாய்த்தது ஆக்சிஜன் மிஷின். காற்றை இழுத்து, நைட்ரஜனை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, ஆக்சிஜனை மட்டும் குழாய் வழியே அனுப்புவது. தூசியைத் துடைத்ததும் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட்டில் '3' என்று தெரிந்தது.

"இன்னா ஜஹா, பேய் அறைஞ்சா மாரி கீற?"

"இது எங்க ஊட்டுக்கு வந்த மிஷின்டா. எங்க அத்தாவுக்கு வெச்சது."

கோவில்பதாகையிலிருந்து பஸ் மாறி வருகிற வழியெல்லாம் வாய் ஓயாதவன் ஜஸ்டின். அவனே கேலியை விட்டுவிட்டான். "நான் போய் மீட்டர் எடுத்துனு வரேன்," என்று நகர்ந்தான். 

கொரோனாவின் இரண்டாம் அலையில் பூந்தமல்லியில் அவர்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஏழு மிஷின் வாங்கினார்கள். பக்கீர் முகமது மாமாதான் பைக்கில் கட்டி வீடு வீடாகச் சுமந்தார். மூன்றாம் நம்பர் ஜஹானாராவின் அப்பா அஸ்கருக்கு வந்தது. ஆறாம் நாள் அஸ்கர் போய்விட்டார். ஜஹானாராவுக்கு அப்போது பதினோரு வயது. "கடைசி மூச்சு வரைக்கும் அவருக்கு ஆக்சிஜன் இருந்துச்சு" என்று வந்தவர்களிடமெல்லாம் அம்மா சபீனா சொன்னாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து வருஷம் ஓடியிருந்தது.

மிஷினின் முகப்பில் மூன்று விளக்குகள் இருக்க வேண்டும். பச்சை இருந்தது, சிவப்பு இருந்தது. நடுவில் மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுகிற லேபிள். மங்கிப்போன குண்டு எழுத்து: ஜஹானாரா, ஆறாம் வகுப்பு, அறிவியல்.

அவள் கையெழுத்தேதான். பள்ளி திறக்கும் திறக்கும் என்று எழுதி எழுதி வைத்த லேபிள்களில் ஒன்று.

ஜஸ்டின் திரும்புவதற்குள் நகத்தால் அதைப் பெயர்த்தெடுத்து அடையாள அட்டை உறைக்குள் செருகிக்கொண்டாள். தாளில் 'வெளியே கண்டது' என்ற கட்டத்தில் எழுதினாள்: தூசி. எண் 3.

ஓடவிட்டுப் பார்த்தார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் காட்ட வேண்டிய மீட்டர் நாற்பத்தாறு காட்டியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு திறந்தபோது, ஆக்சிஜனைப் பிரிக்கிற வெள்ளைக் குருணை ஈரம் பட்டுக் கட்டி தட்டியிருந்தது.

"அஞ்சு வருஷமா குடோன்ல கெடந்திருக்குல்லா," என்றாள் மிஸ்.

"மஞ்சள் லைட் எப்ப எரியும் மிஸ்?"

"ஆக்சிஜன் பத்தாமப் போனா. மிஷினை மாத்து, ஆளைக் கூப்பிடுன்னு அர்த்தம். சத்தம் வராது. பாத்தாத்தான் உண்டு."

எரியாத விளக்கை யாரும் மறைக்க மாட்டார்கள். அப்படியென்றால் அன்றைக்கே எரிந்திருக்கிறது. மறைத்தது யார்? அத்தா படுத்திருந்த அறைக்கு வெளியே, கதவோரம், லேபிள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். விளையாட்டாக ஒட்டிவிட்டாளா? யோசிக்க யோசிக்க ஒட்டியது போலவே இருந்தது. நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் மடியில் லேபிளை வைத்தாள்.

"இத நான் ஒட்டுனேனாம்மா?"

சபீனா அதைத் தொடவில்லை.

"நீ இல்ல. நான்."

"ஏம்மா?"

"அஞ்சாம் நாள் காலைல மஞ்சள் எரிஞ்சுது. பக்கீர் அண்ணனுக்குப் போன் போடறேன்னேன். அத்தா வேணாம்னு கைய ஆட்டுனாரு. ஏழும் ஏழு ஊட்ல ஓடுது, ரிப்பேருன்னு சொன்னா இதையும் தூக்கினு பூடுவாங்க, வர காத்தாவது வரட்டும்னாரு."

"ஆஸ்பத்திரிக்கு..."

"எத்தினி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னோம்னு உனக்குத் தெரியாது." ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "நீ கதவு இடுக்குல அந்த லைட்டையே பாத்துகினு உக்காந்திருந்தே. புள்ள பயப்படுது, எதையாவது ஒட்டுன்னு காட்டுனாரு. உன் லேபிள்தான் கைக்கு வந்துச்சு."

நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தாற்போல இருந்தது ஜஹானாராவுக்கு. அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடிக்கும்போதுதான் அது உறைத்தது.

"மிஷினைத் திருப்பிக் குடுக்கறப்போ இத எடுக்கலையாம்மா?"

சபீனாவின் கை நின்றது.

"மௌத்து ஊட்ல, அழுகைக்கு நடுவுல யாருக்குடி லேபிள் நெனப்பு?"

"நமக்கப்புறம் அது யாரு ஊட்டுக்குப் போச்சு?"

விளக்குப் போடும் நேரமாகியும் இருவரும் எழவில்லை. கடைசியில் சபீனா சொன்னாள்: "அண்ணன் முன்னாடி வாயத் தொறக்காத. தன் கையால ஊடு ஊடா சொமந்த மனுஷன், தாங்க மாட்டாரு."

முகாமின் கடைசி நாள். மிஷினைக் கல்லூரிக்குக் கொடுத்தவர் என்பதால் பக்கீர் முகமதுவை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் சபீனா. ஜஸ்டின் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான்.

"ஆக மொத்தம், குடோன் ஈரத்துல கெட்டுப்போச்சு சார்."

"அப்பாடா," என்றார் பக்கீர் முகமது. "அப்ப ஓடறப்போ நல்லாத்தான் ஓடியிருக்கு. இல்லியா தம்பி?"

"சூப்பரா ஓடியிருக்கும் சார்!"

ஜஹானாரா அம்மாவைப் பார்த்தாள். சபீனா தலையை லேசாக அசைத்தாள்: வேண்டாம்.

ஜஹானாரா அட்டை உறையிலிருந்து லேபிளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இல்ல மாமா. எங்க அத்தா இருக்கும்போதே மஞ்சள் லைட் எரிஞ்சிருக்கு. அது மேல இத ஒட்டியிருந்துச்சு. நான் பிச்சு எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன். தாள்ல எழுதல. ஜஸ்டினுக்குக்கூடத் தெரியாது."

பக்கீர் முகமது எழுந்து வந்து லேபிளைக் கையில் எடுத்தார்.

"இத நான் பாத்திருக்கேம்மா. பைக்குல கட்டும்போதே பாத்தேன். தகப்பன் மேல பாசத்துல புள்ள ஒட்டியிருக்குன்னு நெனச்சேன். கிழிக்க மனசு வரல." லேபிளைத் திருப்பிப் பார்த்தார். "அஸ்கருக்கு அப்புறம் ரெண்டு ஊடு. ஒருத்தரு பொழச்சுகினாரு. கள்ளிக்குப்பத்து ஜெபா டீச்சர் பொழைக்கல."

சபீனா வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மேஜை முன்னால் நின்றாள்.

"ஒட்டுனது என் பொண்ணு இல்லண்ணே. நான்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபமாக ஏதோ வரப்போகிறதென்று ஜஹானாரா நினைத்தாள். வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். லேபிள் இன்னும் அவர் விரல்களுக்கிடையில்தான் இருந்தது.

கிருஷ்ணப்பிரியா மிஸ் தாளை எடுத்து, ஜஹானாராவின் முன்னால் நகர்த்தினாள். 'வெளியே கண்டது'. தூசி. எண் 3. கீழே இடம் நிறையவே இருந்தது.

"எழுதும்மா," என்றார் பக்கீர் முகமது. "ஜெபா டீச்சர் பேரையும் எழுது."

ஜஹானாரா பேனாவைத் திறந்தாள்.

"மொதல்ல என் பேரப் போடு," என்றாள் சபீனா.