எழுபது கிலோ

பல் டாக்டரிடம் நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று சொந்தமாக இருந்தது. கிளம்பும் முன், ஏறுகிறவர்களின் எடையை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். தன் பெயருக்கு எதிரே அவர் எப்போதும் எழுபது என்று எழுதுவார். லைசென்ஸ் வாங்கியபோது இருந்த எடை அது. பதினோரு வருஷமாகிவிட்டது.

மனைவியை மட்டும் பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்ப்பார். எல்லோர் முன்னாலும்.

அன்றும் ஏறினாள். மலைக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் அப்பா கிடந்தார். பொழுது சாயும்வரை தாங்கினால் பெரிசு என்று காலையில் போன் வந்திருந்தது. பஸ்ஸில் போனால் பதினாலு மணி நேரம். விமானத்தில் ஒன்றரை.

“எண்பத்திநாலு!” டாக்டர் உரக்கப் படித்தார். “அப்பனுக்கு அப்படிக் கிடக்கு, இவளுக்கு மட்டும் ரெண்டு கிலோ ஏறியிருக்கு.”

டாக்டரின் தங்கை சிரித்தாள். அவள் புகுந்த வீடும் மலைக்கு அப்பால்தான். அதனால் அவளும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். “விடுண்ணே. அண்ணி பின்னாடி உக்காந்தா பிளேன் மூக்கு தானா தூக்கிக்கும். உனக்கு வேலை மிச்சம்.”

மெக்கானிக் எல்லாவற்றையும் கூட்டினார். “இருநூத்தி இருபது. இந்த வெயிலுக்கு இன்னும் அஞ்சு கிலோ தாங்கும். போலாம் சார்.”

டாக்டரின் கால்சட்டைகளை இடுப்பில் பிரித்துத் தைப்பவள் மனைவிதான். இந்த வருஷம் மட்டும் மூன்று தடவை பிரித்தாயிற்று. போன வாரம் அவர் ஒரு சுற்றுப் போய்வந்தபோது சக்கரத்தில் பச்சை இலைகள் சிக்கியிருந்தன. ஓடுதளம் முடிகிற இடத்தில் மரங்கள். காற்றில் வந்திருக்கும் என்றார் டாக்டர்.

வாயை மூடிக்கொண்டு ஏறியிருக்கலாம். உயிரோடு போனால்தானே அப்பாவைப் பார்க்க முடியும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

“நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்.”

“என்னடி?”

“நீங்க எழுபது இல்லீங்க.”

“ஒரு நிமிஷம்தானே சார்,” என்றார் மெக்கானிக், அவர் முகத்தைப் பார்க்காமல்.

டாக்டர் ஷூவைக் கழற்றினார். போனையும் சாவிக்கொத்தையும் தங்கையிடம் கொடுத்தார். வயிற்றை எக்கிக்கொண்டு ஏறினார். முள் தொண்ணூற்றாறில் நின்றது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“தாங்குறதுக்கு மேல இருபத்தோரு கிலோ,” என்றார் மெக்கானிக். “பெட்டிய இறக்கினாலும் பதினொண்ணு நிக்குது. பெட்ரோலையும் குறைக்க முடியாது, மலைமேல மேகம். ஒருத்தர் இறங்கியாகணும். தங்கச்சி நாளைக்குப் போகலாமே?”

“என் மாமியாருக்கு நீங்க வந்து பதில் சொல்வீங்களா?” என்றாள் தங்கை.

டாக்டர் ஷூ நாடாவை நிதானமாகக் கட்டினார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. “கணக்குக் கேட்டவளே இறங்கட்டும்.”

“எங்கப்பாங்க…”

“எனக்கு மாமனார் இல்லையா? நான் பாத்துட்டு வரேன்.”

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்தாள். நாத்தனார் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். “நேரத்தை ஓட்டாதீங்க அண்ணி. நீங்க அழுது முடிக்கிறதுக்குள்ள பெரியவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, பழி உங்க மேலதான்.”

விமானம் ஓடிக் கிளம்பியது. மரங்களுக்கு மேலே நல்ல உயரத்தில் தாண்டிப் போனது.

“அழகா ஏறிடுச்சு,” என்ற மெக்கானிக், அவள் நிற்பது நினைவுக்கு வந்ததும் உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார்.

“நல்லவேளை நீ வரல. பிளேன் பஞ்சு மாதிரி போச்சு.”

“அப்பா?”

“இப்பதான் முடிஞ்சுது. கடைசி வரைக்கும் நீ எங்கன்னு கேட்டுட்டே இருந்தாரு.”

“என்ன சொன்னீங்க?”

“உள்ளதைத்தான் சொன்னேன். உங்க பொண்ணு வெயிட்டு ஜாஸ்தி, ஏத்த முடியலன்னு.”

பஸ் மலையடிவாரத்துக்குப் போகவே இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.