சித்திரையில் மழை மந்திரம்

எங்கள் மந்திர ஆட்டத்துக்கு விதி எழுதியவன் நான். ஆளுக்கொரு கதாபாத்திரம், நடுவில் தாயக்கட்டை, கதையும் தீர்ப்பும் என்னுடையது. உப்புக் காப்புக்குள் நிற்பவனை எந்த ஆயுதமும் தொடாது. தீ பட்டால் காப்பு இன்னும் இறுகும், ஆனால் உள்ளே நிற்பவன் வெந்துபோவான். காப்பைக் கரைக்க மழை மந்திரம் ஒன்றுதான் வழி. காப்பு, தீ, மழை மூன்றும் அணியில் இருந்தால் ஆட்டம் சரிசமமாக ஓடும் என்று கணக்குப் போட்டேன்.

என் கணக்கில் மண் விழுந்தது. மரக்காணத்து உப்பளத்தில் எவன் மழையை எடுப்பான்? பாத்தியில் உப்பு பூத்திருக்கும் மாதத்தில் அந்தப் பேரைச் சொன்னாலே மழை வந்து உப்பைக் கரைத்துவிடும் என்று அடிக்கச் செருப்பைக் கழற்றுவார்கள். எல்லாருக்கும் தீ வேண்டும், காப்பு வேண்டும். எரிச்சலில் காப்போடு சேர்த்து மழையையும் கொண்டுபோய் சந்தியாவின் தலையில் கட்டினேன். "சொல்லவே மாட்டேன் சகாதேவண்ணா" என்று சத்தியம் செய்துதான் வாங்கிக்கொண்டாள்.

சந்தியா உப்பு பாக்கெட் போடுகிறவள். அவள் அண்ணன் சாலமன் குவைத்தில் டிரைவர். அவன் பார்த்த மாப்பிள்ளையை இவள் வேண்டாம் என்றதிலிருந்து ரெண்டு வருஷமாகப் பேச்சே கிடையாது. வீட்டுக்குப் போன் வந்தால் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுவான். ஆனால் போன் வழியாக ஆடும் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவன் இடியன் என்கிற வாள்வீரன், இவள் மந்திரக்காரி. "ஏ மந்திரக்காரி, காப்பு போடு" என்று கத்தாமல் அவனால் சண்டை போட முடியாது. அந்த நாலு வார்த்தைக்காகத்தான் இவள் வந்தாள். இடியன் செத்தால் அதுவும் போச்சு. செத்தவன் அடுத்த பொங்கல் வரை உள்ளே வரக்கூடாது என்பது விதி, அதுவரை காத்திருக்கிற ஆளில்லை சாலமன்.

சித்திரை வெயிலில், மத்தியானம், ஆட்டத்தில் தீயை எடுத்திருந்த மாயவனின் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே அவன் குத்தகைப் பாத்தியின் உப்பு, மூடாமல் அம்பாரமாகக் கிடந்தது. குடத்தின் மேல் சாய்த்து வைத்த போனில் சாலமன். எலும்புப் படையை ஏவினேன். ஒருவன் இடியனின் தொடையில் ஈட்டியை இறக்கித் திருகினான். இன்னொருவன் காதோடு கன்னத்தைச் சீவினான்.

"ஏ மந்திரக்காரி, காப்பு போடு! குத்துறானுங்க!"

சந்தியா கட்டையை உருட்டினாள், காப்பு விழுந்தது. உடனே மாயவன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "தள்ளுங்கடா, மொத்தமா கொளுத்துறேன்!"

முட்டாப்பய. படை எரிந்தது, எரிந்துகொண்டே காப்பைக் கட்டிப்பிடித்தது. "உள்ள இடியன் வேகுறான்," என்றேன். "தோலு உரிஞ்சு தொங்குது, கண்ணு கொதிக்குது."

"யோவ், காப்ப எடுய்யா!" என்றான் சாலமன்.

"எடுக்க முடியாது. இறுகிடுச்சு."

சந்தியா என்னைப் பார்த்தாள். "இந்தச் சுத்து முடிஞ்சா செத்துடுவானா?"

"செத்துடுவான்."

மாயவனுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்மா. எம்பொழப்பு வெளிய கெடக்குது. வாயத் தொறக்காத."

மந்திரத்தை வாய்விட்டு முழுசாகச் சொன்னால்தான் பலிக்கும். அவள் எழுந்து நின்று கத்தினாள்: "கருமேகமே, கடல விட்டு எழுந்து வா, மழையா..."

மாயவன் அவள் வாயிலேயே அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் தாவணியில் தெறித்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. பொம்பளைப் பிள்ளையையா அடிக்கிறாய் என்று அவன் நெஞ்சில் உதைத்தேன். அவன் உப்பு வாருகிற பலகையைப் பிடுங்கி என் முகத்தில் போட்டான். மூக்கு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. தரையில் கிடந்தபடி அவன் கழுத்தை நெரித்தேன், அவன் என் விலாவில் முழங்காலால் குத்தினான். சந்தியா ரத்தத்தோடு மறுபடி "மழையா..." என்று ஆரம்பித்தாள். மாயவன் என்னை உதறிவிட்டுப் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். அவள் அவன் உள்ளங்கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள். அவன் அலறினானே தவிர, கையை எடுக்கவில்லை.

சுற்று முடிந்தது. விதி எழுதியவன் நான், நானே மாற்ற முடியுமா? ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "இடியன் செத்துட்டான்."

மாயவன் கையை எடுத்தான். சந்தியா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

போன் சண்டையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து சாலமன் கத்திக்கொண்டிருந்தான். "என்ன சத்தம் அது? டேய், யார யாருடா அடிக்கிறது?"

மாயவன் கடிபட்ட கையைத் துண்டால் சுற்றினான்.

"சந்தியா!" என்றான். "சந்தியா, ஒன்னையா அடிச்சான்?"

அவள் போனைத் துழாவி எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இடியன் செத்துட்டாண்ணே," என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

"அவன் கெடக்கறான் சனியன்," என்றான் சாலமன். "நீ வாயத் தொற. பல்லு ஏதாவது ஒடஞ்சிருக்குதா, காட்டு."