மன்னித்தவள்

மகனை அடக்கம் செய்த வாரமே ஜோசஃபின் மருமகள் பார்கவியை வீட்டைவிட்டுத் துரத்தினாள். ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் குடியிருந்த சந்தே வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பார்கவியின் சேலைகள், தட்டு, டம்ளர், படுத்த பாய் எல்லாவற்றையும் வாசலில் வீசி, அவற்றின்மேல் ப்ளீச்சிங் பவுடரையும் கொட்டினாள்.

"எம் புள்ளைக்கு நோவு குடுத்தவ நீதான்டி! கார்மெண்ட்ஸ் கம்பெனியில எவன் எவன்கூடத் திரிஞ்சியோ. அவன் எலும்பா உருகிச் செத்தான். நீ நின்னு மூச்சு வுட்டுக்கினு இருக்கே."

பார்கவி பவுடரில் கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டு போனாள். இரண்டு வருஷம் கணவனின் வாந்தியையும் மலத்தையும் அள்ளிய கைகள் அவை. பக்கத்து வீட்டு முத்தம்மா அவள் முதுகுக்குப் பின்னால் துப்பினாள்.

உண்மை வேறு. ஜோசஃபினின் மகன் பிரகாஷுக்குக் கல்யாணத்துக்கு முன்பே அந்த நோய் இருந்தது. பொம்மசந்திராவில் வெல்டராக இருந்தவன், விட்டு விட்டு வந்த காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனான். ரத்தம் பார்த்த டாக்டர் தாயையும் மகனையும் உட்காரவைத்து, எய்ட்ஸ் கிருமி என்று சொன்னார். "கல்யாணம் மட்டும் பண்ணி வெச்சிடாதீங்கம்மா. அந்தப் பொண்ணையும் சேத்துக் கொன்ன மாதிரி ஆயிடும்."

ஜோசஃபின் கதவைச் சாத்திக்கொண்டு உபவாசம் இருந்து ஜெபித்தாள். எழுந்தபோது மகன் குணமாகிவிட்டான் என்று அறிவித்தாள். இன்னொரு முறை டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்று பிரகாஷ் கெஞ்சினான்.

"கர்த்தர் தொட்ட உடம்ப டாக்டர்கிட்ட காட்டிக் கேக்கறதா? அது அவிசுவாசம்டா" என்று அதட்டினாள்.

சபைக்குள் பெண் கேட்டால் யாராவது ஆஸ்பத்திரிவரை விசாரித்துவிடுவார்கள் என்று மனசின் ஏதோ ஒரு மூலை கணக்குப் போட்டது. அதனால்தான் விசாரிக்க ஆளில்லாத பெண்ணாகத் தேடினாள். பார்கவிக்குப் பெற்றவர்கள் இல்லை. பொம்மனஹள்ளியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவளை எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்று அண்ணன் காத்திருந்தான். ஞானஸ்நானம் கொடுத்துக் கல்யாணம் முடித்தார்கள். அடுத்த ஞாயிறு, ஓர் ஆத்துமாவை ஆண்டவருக்கு ஆதாயப்படுத்தினேன் என்று ஜோசஃபின் சபையில் சாட்சி சொன்னாள்.

பிரகாஷ் படுத்ததும் டாக்டர் சொன்னதை அவள் மறந்தாள். மறந்தாள் என்றால் நிஜமாகவே மறந்தாள். கர்த்தர் குணமாக்கிய மகனுக்கு நோய் திரும்ப வந்தால் அதைக் கொண்டுவந்தவள் ஒருத்தி இருக்கத்தானே வேண்டும்? பார்கவி இருந்தாள். அவளைத் துரத்தியதோடு ஜோசஃபின் நிற்கவில்லை. பஸ் ஏறிப் பொம்மனஹள்ளிக்குப் போய் கம்பெனி சூப்பர்வைசரிடமும், பார்கவி குடியேறிய அறையின் சொந்தக்காரனிடமும் அவளுக்கு எய்ட்ஸ் என்று சொல்லிவிட்டு வந்தாள். நாலு பேரைக் காப்பாற்றியதாக அவள் எண்ணம். வேலையும் அறையும் போய், உடம்பும் விழுந்து, கடைசியில் ஓசூர் ரோட்டுப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் இல்லத்தில் பார்கவி ஒதுங்கினாள்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு, சபையில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து நாள். ஆராதனை பாதியில் இருக்கும்போது பார்கவி கோயிலுக்குள் வந்தாள். தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்குமேல் துருத்திக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் இருந்த பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். அவள் அங்கே உட்காரவில்லை. நேராக முன்னால் நடந்துவந்து, முழங்காலிட்டிருந்த ஜோசஃபினின் பக்கத்தில் தரையில் விழுந்தாள்.

"அத்தை, நான் எந்தத் தப்பும் பண்ணலன்னுதான் நெனச்சேன். ஆனா இது எங்கேந்து வந்துச்சின்னு யோசிச்சு யோசிச்சு எனக்குப் பைத்தியம் புடிக்குது. கம்பெனியில ஊசி ஏறின கையா, ஆஸ்பத்திரியில போட்ட ஊசியா, தெரியல. எப்பிடியோ நான்தானே அவருக்குக் குடுத்திருக்கேன். நான்தானே கொன்னுட்டேன். சாவறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு சொல்லிடுங்க அத்தை."

 சின்னப்பா பாஸ்டர் திராட்சரசக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். எல்லாக் கண்களும் தன்மேல் இருப்பது ஜோசஃபினுக்குத் தெரிந்தது. அவள் கையைத் தூக்கி மருமகளின் தலைக்குமேல், தொடாமல், நீட்டினாள்.

"மன்னிச்சிட்டேன். இயேசு என்னை மன்னிச்ச மாதிரி நானும் உன்னை மன்னிச்சிட்டேன்."

"ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டர். பெண்கள் விசும்பினார்கள். எப்பேர்ப்பட்ட தாய் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கிண்ணம் பார்கவியைத் தாண்டி ஜோசஃபினிடம் வந்தது. அவள் வாய் நிறைய வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

பார்கவியின் முகத்தில் நன்றி இருந்தது. பாரம் இறங்கிய முகம். கொன்றவளைப் பார்த்துக் கொல்லப்பட்டவள் கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

 ஜோசஃபின் எழுந்து, பக்கக் கதவு வழியாக வெளியே ஓடி, வாயிலிருந்த திராட்சரசத்தைச் சாக்கடை ஓரத்தில் துப்பினாள்.

வீட்டுக்கு வந்து முழங்காலிட்டாள். ஜெபம் வழக்கம்போல மடமடவென்று வந்தது: இரக்கமுள்ள பிதாவே, உமது அடியாளுக்கு... அங்கேயே நின்றுபோயிற்று. எத்தனை வருஷமாக இந்த அலங்காரமெல்லாம்! வெகுநேரம் கழித்துத்தான் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"ஆண்டவரே, டாக்டரு சொன்னாரு. நான் தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவள் சாட்சிகளில் வரும் சமாதானம் அப்போது வரவில்லை. வந்தது பார்வை. அநாதை என்று தேர்ந்தெடுத்தது, மகனின் வாயை அடைத்தது, சூப்பர்வைசரின் காதில் ஓதியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. கண்ணை மூடினாலும் தெரிந்தன. இவ்வளவு நாளும் தான் பேசிக்கொண்டிருந்தது கடவுளோடு அல்ல, கண்ணாடியோடு என்று புரிந்தது. முகம் தரையில் பட அழுதாள். அந்த அழுகைக்கு நடுவில், தன்னை முழுக்கப் பார்த்துவிட்ட ஒருவர் இன்னும் எழுந்து போய்விடவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

இல்லத்தில் பார்கவி சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். ஜோசஃபின் உட்காரவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. டாக்டரு எங்கிட்ட சொன்னாரு. உனக்குக் குடுத்தது அவன். கட்டி வெச்சது நான்."



"அப்போ நான் அவரைக் கொல்லல."

"இல்லம்மா."

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"தெரிஞ்சேதான்."

பார்கவி எழ முயன்று முடியாமல், கைக்கெட்டிய டம்ளரை எடுத்து எறிந்தாள். அது ஜோசஃபினின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. "போ! இங்கேந்து போ!" என்ற கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

ஜோசஃபின் போகவில்லை. பின்கட்டில் வார்டுத் துணிகள் துவைக்க ஆள் இல்லாமல் குவிந்திருந்தன. சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு துவைக்க உட்கார்ந்தாள். அந்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். பாஸ்டர் பாதியில் தடுத்தார்: "துக்கத்துல பேசறாங்க. உட்காருங்கம்மா." அவள் உட்காராமல் முடிக்கும்வரை பேசினாள். அதன்பிறகு சபைப் பெண்களின் ஐக்கியக் கூட்டத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

பல வாரம் கழித்துப் பார்கவி அவளைக் கட்டிலருகே அழைத்தாள்.

"சபையில சொன்னீங்களாமே. பெரிய ஆளுங்ககிட்ட சொல்றது சுலபம். சந்துல சொன்னீங்களா? பவுடர் கொட்டுனீங்களே, அந்தச் சந்துல?"

"இல்ல."

"வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க."

ஜோசஃபின் போனாள். முதல் வீட்டில் நம்பவில்லை. அடுத்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கிருஷ்ணப்பா என்ற பால்காரர் "ச்சீ, தாயீனா நீனு?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு உள்ளே போனார். அவள் ஒரு வாசலையும் விடவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"முத்தம்மா இன்னா சொன்னா?" என்று கேட்டாள் பார்கவி.

"மூஞ்சில துப்பினா."

பார்கவி சிரித்தாள். இந்த இல்லத்துக்கு வந்தபிறகு அவள் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். "என்னால முடியல. கஞ்சி மட்டும் ஊத்துங்க."

ஜோசஃபின் ஸ்பூனை எடுத்தாள்.  பார்கவி வாயைத் திறந்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் பார்கவி இறந்தாள். அந்த வார்த்தையைக் கடைசிவரை அவள் சொல்லவில்லை, ஜோசஃபினும் கேட்கவில்லை. உடம்பைக் குளிப்பாட்ட வார்டு ஆயா தயங்கியபோது ஜோசஃபின் தண்ணீர் காயவைத்து, தலைமுதல் பாதம்வரை வெறுங்கையால் கழுவினாள். அப்படித் தன் மருமகளை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.