அண்ணி போர்த்திய கம்பளி

"அந்தக் கம்பளிய எடுத்தீங்கன்னா, நா இந்த வார்டே அதிர்ற மாதிரி கத்துவேன் மிஸ்!"

"கத்துங்கம்மா. காய்ச்சல் நூத்திரெண்டு. இதுல கம்பளி வேற, குரங்குத் தொப்பி வேற. மனுசன அவிக்கிறீங்களா?"

பகல் சாப்பாட்டுப் பார்சலோடு நான் ஆஸ்பத்திரிப் படியேறும்போதே இந்தச் சத்தம் கேட்டது. கத்துவேன் என்றவர் என் அண்ணி பேச்சியம்மா. மற்றவர் நர்ஸ் பாயிஸா. கட்டிலில் என் அண்ணன் ராஜலிங்கம். முந்தாநாள் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் வீட்டு வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்களே சொல்லுங்க. எங்கப்பாவுக்கும் வாதம்தான். கை காலெல்லாம் சில்லுன்னு போயித்தான் செத்தாரு. இவர சூடா வச்சிருக்கிறது தப்பா?"

பாயிஸா குரலைத் தணித்தார். "அம்மா, மூளையில ஒரு துண்டு செத்துப் போச்சு. அத ஒண்ணும் செய்ய ஏலாது. அதச் சுத்தி இன்னொரு பகுதி அரை வயித்துக் கஞ்சியோட உசிரப் புடிச்சிக்கிட்டு இருக்கு. காய்ச்சல் ஏறினா அதுக்குப் பசி கூடும். ஆனா ரத்தம் கூடுதலா வராதே. அப்ப அதுவும் செத்துரும். இவர் திரும்பப் பேசுறதும் நடக்கிறதும் அத நம்பித்தான் இருக்கு."

அண்ணியின் கை கம்பளியை விடவில்லை.

"வாய்க்கு ஏதும் குடுத்தீங்களா?" என்றார் பாயிஸா திடீரென்று.

அண்ணி கட்டிலுக்கடியில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தார். "கொத்தமல்லித் தண்ணி. கொஞ்சம்தான். இருமினாரு, நிப்பாட்டிட்டேன்."

"யா அல்லாஹ்! மூக்குல குழாய் போட்டிருக்கிறது அழகுக்கா? விழுங்க ஏலாதவர். தண்ணி நுரையீரலுக்குப் போயிருக்கும்!"

அவர் டாக்டரை அழைத்து வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா என்று மருந்து ஏற்றினார்கள்.

நான் கம்பளியைத் தொடவில்லை. "அண்ணி, நீங்களே எடுங்க. நா எடுத்தா அண்ணன் எந்திரிச்சு வந்து என்னயத்தான் ஏசுவாரு," என்றேன். அழுதுகொண்டே மடித்தார். தொப்பியையும் கழற்றினார்.

அதற்குப் பிறகு கட்டிலுக்குக் காவல் அண்ணிதான். மகள் சர்மிளா அப்பா காலுக்குப் போடக் கம்பளி மேஸோடு வந்தபோது, "ஏன்டி, அப்பன அவிக்க வந்தியா?" என்று விரட்டினார்.

மருந்து பிடித்துக் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் காலை அண்ணன் கோணிய வாயை அசைத்தார். அண்ணியும் பாயிஸாவும் நானும் குனிந்தோம்.

"கு... ளி... ருது."

அண்ணி சிரித்தார், அழுதார். ஆனால் கம்பளிப் பக்கம் கை போகவில்லை. பாயிஸாவைப் பார்த்தார். காய்ச்சல்தான் திரும்ப ஏறுகிறதோ என்று பாயிஸா அளந்து பார்த்தார். "இல்ல, இது கண்டிக் குளிர்தான். மெல்லிசா ஒரு பெட்ஷீட் போடுங்க."

காய்ச்சல் இறங்கியதால்தான் பேச்சு வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இருக்கட்டும். இன்று அண்ணன் கதிரையில் உட்காருகிறார். நடக்கவும் செய்வார், பாருங்கள்.

உங்கள் வீட்டில் வாதம் வந்தவருக்குக் காய்ச்சலும் வந்ததா? போர்த்தினீர்களா, வாய்க்கு ஏதும் கொடுத்தீர்களா? கூச்சப்படாமல் கீழே எழுதுங்கள். அண்ணிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உலகத்திலேயே தான் மட்டும்தான் இப்படிச் செய்ததாக இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.