மழைக்கு மட்டும்

தேத்தண்ணி முடியும்வரை கேட்கமாட்டார். மெதுவாகவே குடிக்கட்டும்.

நிலூஷா அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கணேஸ் கோப்பையைக் கீழே வைத்தார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், கட்சிக்கு ஆள் சேர்ப்பவர் அவர். அவளுடைய கணவன் ரமேஸுக்கு டவுனில் காவல் வேலை எடுத்துக்கொடுத்தவரும் அவர்தான். அதை நிரந்தரமாக்க அவருடைய ஒரு சொல் போதும்.

"நாளைக்கு ஐயா கூட்டத்துக்கு வர்றாரு. ஒங்க குரூப்புல ஒரு வாய்ஸ் போட்டுடு தங்கச்சி. நீ கூப்பிட்டா எல்லா லயமும் ஓடி வருதாமே. நாங்க மைக் கட்டிக் கத்துனா ஒரு கோழிகூட திரும்பிப் பாக்கல."

ரமேஸ் சிரித்தான். சிரித்துவிட்டு அவளைப் பார்த்தான்.

மண்சரிவுக்குப் பயந்து அவள் தொடங்கிய வாட்ஸ்அப் குரூப் அது. மேட்டில் மண் அசைந்தால் மேல் லயத்துப் பெண்கள் பேசி அனுப்புவார்கள். கீழே கடை வைத்திருக்கும் ரபீகா அக்கா தன் வீட்டு மேல்மாடியைத் திறந்துவிடுவார். வேறு எதுவும் அதில் வராது, காலை வணக்கம்கூட. போன் சத்தம் போட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒரேயொரு தடவை கோயில் திருவிழாவைச் சொல்லிப் போட்டாள். அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஓடிவந்த மேல் லயத்து ரத்தினம்மா, காய்ந்த வாசலில் நின்று, "சாமி கும்பிடவாடி இப்புடி ஓடவச்ச?" என்று ஏசினார். அன்றே போன் சத்தத்தை நிறுத்திவைத்தார். அடுத்த மழையில் கதவை உடைத்துத்தான் அவரை எழுப்ப வேண்டியிருந்தது. வீட்டின் பின்சுவர் அதற்குள் சாய்ந்துவிட்டிருந்தது.

தகரத்தில் மழை வலுத்தது. ரமேஸின் கண்கள் இன்னும் அவள்மேல்தான் இருந்தன. எனக்காக, என்றன. வேலை போய்விடுமோ என்ற அவனுடைய பயம் அவளுக்குள்ளும்தான் இருந்தது; இரவில் யார் முதலில் விழித்தார்களோ அவர்கள் அதைச் சுமந்தார்கள். இப்போது அது அவளுடைய முறை.

"ஒரு தடவதானே," என்றார் கணேஸ். "அதுல யாரு சாகப்போறா?"

சிரித்துக்கொண்டு, பகிடியாகத்தான் சொன்னார்.

நிலூஷா வெற்றுக் கோப்பையை எடுத்தாள்.

"கூட்டத்துக்கு நானே வீடு வீடாப் போய்ச் சொல்றேண்ணே. நனைஞ்சாலும் பரவால்ல."

"அப்ப வாய்ஸ்?"

ரமேஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது வேணாம்ணே," என்றாள், குரலை உயர்த்தாமல்.