விவேக் நகரில் எழுநூறு லிட்டர் கடல்

ரெமிஜியஸ் முப்பத்துநான்கு வருடம் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் எதையாவது அளந்துகொண்டே இருந்தவர். ஓய்வு கொடுத்து, ஒரு சால்வையும் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எதை அளப்பது? முதல் மாதம் மனைவி பவுலின் காபியில் போடும் சர்க்கரையை அளந்தார். இரண்டாம் மாதம் பாத்ரூம் குழாய் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு ஒழுகுகிறது என்று எண்ணிக் காலண்டரில் குறித்தார். குழாயை மட்டும் சரிசெய்யவில்லை. மூன்றாம் மாதம் பவுலின் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள்: "ஏதாச்சும் ஒரு ஹாபி வெச்சுக்குங்க. இல்லன்னா உங்க தொல்லையிலேயே நான் போய்ச் சேர்ந்துருவேன்."

அதைச் சொன்ன வாயை அவள் பிற்பாடு நொந்துகொள்ளாத நாளில்லை. ஏனென்றால் ரெமிஜியஸ் வைத்துக்கொண்ட ஹாபி, கடல்.

மற்ற மனிதர்கள் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி நாலு தங்கமீன் விட்டுவிட்டு டிவி பார்க்கப் போவார்கள். இவருக்கு ஆறடி நீளத் தொட்டி வேண்டும். அதில் எழுநூறு லிட்டர் உப்புத் தண்ணீர் வேண்டும். அதற்குள் பவளமும் கடல்மீனும் இறாலும் வாழ வேண்டும். பெங்களூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் பயணம். அதை விவேக் நகர் மாடி வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதாக மனிதர் முடிவுகட்டிவிட்டார். தண்ணீர், கல், மணல், கண்ணாடி, இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து எடை ஒரு டன்னுக்குக் குறையாது. வீட்டு பிளானை விரித்துவைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். அடியில் பீம் ஓடுகிற சுவர் ஹாலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தச் சுவரில் இருபத்தாறு வருடமாகக் குழந்தை ஏசு சிவப்பு வெல்வெட் அங்கியோடு பீடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வேற எங்க வெச்சாலும் கீழ் வீட்டு காந்தாம்மா தலையில கடல் இறங்கிரும், பவுலின்."

"அப்போ குழந்தை ஏசு எங்க போவாரு?"

"அவரு மூணு கிலோதான். எங்க வேணாலும் போலாம்."

குழந்தை ஏசு ஃப்ரிட்ஜ் மேல் போனார், ஒரு பக்கம் ஸ்டெபிலைசர், மறுபக்கம் பிரெட் டப்பா. ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடும்போதெல்லாம் அவர் கிரீடம் நடுங்கியது. அன்றே பவுலின் ஒரு நிபந்தனை போட்டாள். ஜனவரி பதினாலு குழந்தை ஏசு திருவிழா. அன்றைக்குத் தொட்டிக்குள் இருப்பவை உயிரோடு இருந்தால் சுவர் தொட்டிக்கு. செத்துப்போனால் தொட்டி தெருவுக்கு, பீடம் சுவருக்கு. ரெமிஜியஸ் ஒப்பந்தம் முடிந்ததுபோல் கையை நீட்டினார். அவள் கையைத் தொடாமல் சமையலறைக்குள் போனவள்தான், பிறகு அவரோடு பேசவில்லை. அதாவது தலைப்புச் செய்திகள் மட்டும் வாசித்தாள். "சாப்பாடு ரெடி." "கேஸ் முடிஞ்சிருச்சு." விரிவான செய்திகள் நிறுத்தப்பட்டன.

தொட்டி வேலைக்கு வந்தவன் கிரண், சிவாஜிநகரில் மீன்தொட்டிக் கடை வைத்திருப்பவன். நாற்பது வயது, பாதி கன்னடம் பாதி தமிழ், எதற்கும் பதறாதவன். ஆறு பேர் பால்கனி வழியாகக் கண்ணாடியை ஏற்றினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. சிலிக்கான் பசை வாடை ஒரு வாரம் சாம்பாரிலும் அடித்தது. பிறகு குழாய்த் தண்ணீரை ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறக்கி நீல டிரம்களில் நிரப்பினார்கள். ரெமிஜியஸ் அதில் உப்பைக் கொட்டி, கலக்கி, அளந்து, மறுபடி கொட்டி, மறுபடி அளந்தார். மனிதர் பத்து வயது குறைந்து தெரிந்தார். கடைசியில் மணலும் கல்லும் போட்டு, பம்பை ஓடவிட்டு, நீல விளக்கை ஏற்றினார்கள்.

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. "தண்ணி ஹண்ணாகணும் சார்," என்றான் கிரண். பழம் போலத் தண்ணீரும் பழுக்க வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத கிருமி வளர்ந்த பிறகுதான் மீன் விடலாமாம். ஆறு வாரம் பழுத்தது. கடல் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் ஆறடிக் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்த கற்களைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, ரெமிஜியஸுக்கு மூளை பிசகிவிட்டதா என்று படியிறங்கும்போதே பேசிக்கொண்டு போனார்கள். பவுலினுக்கு அதில் கொஞ்சம் திருப்திதான்.

அக்டோபரில் ஒருவழியாகக் குடித்தனம் வந்தது. ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஜோடி ஒன்று, மஞ்சள் மீன் ஒன்று, சட்டம் அனுமதிக்கிற மென்பவளம் நாலைந்து கொத்து, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட இறால் நாலு. பவுலின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று வைராக்கியம்.

ஒருநாள் மத்தியானம் அவர் உப்பு வாங்க சிவாஜிநகர் போயிருந்தார். தொட்டியில் கறிவேப்பிலை ஒன்று மிதப்பதைப் பார்த்தாள். அது அவள் தாளித்ததிலிருந்து பறந்தது. பழி தன்மேல் விழுமே என்று எடுக்கப் போனாள். கை தண்ணீருக்குள் போனதுதான் தாமதம், ஒரு இறால் வந்து விரலில் ஏறி நின்று, நக இடுக்கில் இருந்த அழுக்கைக் குட்டிக் குட்டிக் கையால் எடுத்துத் தின்ன ஆரம்பித்தது. கூச்சத்தில் பவுலின் தனியாகச் சிரித்தாள். ஒரு விரல் முடித்து அடுத்த விரலுக்குப் போனது. இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் நகத்தை யாரும் இப்படிக் கவனித்ததில்லை. மறுநாளிலிருந்து அவர் வெளியே போனால் போதும், அவள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டுவிடுவாள்.

நவம்பர் நடுவில் ஒரு இறால் செத்தது. நியாயமாக அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை. மீதி மூன்றும் அவள் விரலுக்காகக் கண்ணாடி ஓரம் காத்திருந்தன. வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போனபோது கோவிலுக்கு வெளியே இருந்த கடையில் குழந்தை ஏசு பதக்கம் ஒன்று வாங்கினாள். அலுமினியத்திலும் இருந்தது. சாமி காரியத்தில் சிக்கனம் கூடாது என்று கெட்டியான செம்பாகப் பார்த்து எடுத்தாள். கோவில் பங்குச் சாமியார் பெர்னார்டிடம் கொடுத்து மந்திரித்து வாங்கிவந்து, கல்லுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் போட்டாள். ஃப்ரிட்ஜ் மேல் இருந்தவரைப் பார்த்து, "உங்க சுவரை நான் அப்புறம் பார்த்துக்கறேன், முதல்ல இதுங்களைக் காப்பாத்துங்க," என்றாள்.

ஒன்பது வியாழன், ஒன்பது பதக்கம் என்று கணக்கு. மூன்றாவது பதக்கம் போட்ட வாரம் இன்னொரு இறால் செத்தது. விசுவாசம் போதவில்லை என்று நினைத்து அடுத்த வாரம் இன்னும் கனமான பதக்கமாக வாங்கினாள். ஆறாவது பதக்கத்துக்கு மூன்றாவது இறால் போனது. பவளமெல்லாம் கை மூடுவதுபோல் மூடிக்கொண்டன.

ரெமிஜியஸ் துப்புத் துலக்கினார். கொசுவத்தியை நிறுத்தினார். ஊதுவத்தியை ஒளித்துவைத்தார். நெத்திலி வறுத்த புகை தண்ணீரில் இறங்குகிறது என்று நெத்திலிக்குத் தடை போட்டார். ஊரிலுள்ள எல்லாப் பரிசோதனையும் செய்தார். உப்பு சரி, சூடு சரி, சுண்ணாம்பு சரி. நோட்டு முழுக்க எண்கள் சரியாக இருந்தன, இறால் மட்டும் சாகிறது. தொட்டி முன்னால் நாற்காலியில் அவர் தோள் சரிந்து உட்கார்ந்திருப்பதை பவுலின் சமையலறையிலிருந்து பார்ப்பாள். பாவமாக இருக்கும். போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றும். ஐந்து மாதம் மூடிவைத்த வாயை எந்த வார்த்தையில் திறப்பது என்று தெரியாமல் பாத்திரம் தேய்ப்பாள்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கிரண் புதிதாக ஒரு பரிசோதனை மருந்து கொண்டுவந்தான். குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து நாலு சொட்டு விட்டான். தண்ணீர் நீலமாக மாறியது.

"செம்பு இதே சார், தண்ணியில செம்பு இருக்கு. மீனு தாங்கும். இறால் தாங்காது, அதுக்கு விஷம். செம்பு ஏதாவது உள்ளே போட்டீங்களா?"

"செம்பா? எல்லாம் பிளாஸ்டிக் பைப்பு! நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன்!" ரெமிஜியஸ் எழுந்துவிட்டார். ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நிமிடம் நின்று, பிறகு பவுலின் மேல் வந்து விழுந்தது. "நீ என்ன ஊத்தின? செம்புல இருந்து தீர்த்தம் ஊத்தினியா? சுவரு வேணும்னா கேட்டிருக்கலாமே. அதுக்காக உயிரைக் கொல்லணுமா?"

பவுலினுக்கு முதலில் வந்தது கோபம். அதற்குப் பின்னாலேயே, பிற்பாடு செத்த இரண்டு இறாலையும் தன் கையாலேயே கொன்றிருக்கிறோம் என்ற நினைப்பு வந்தது.

"ஆமா, நான்தான் போட்டேன்!" என்று கத்தினாள். "ஏழு பதக்கம் போட்டேன்! ஏழும் மந்திரிச்சது! கொல்றதுக்கா போட்டேன்? சாகக் கூடாதுன்னு போட்டேன்! உங்க தொட்டி நிக்கணும்னு, எனக்குச் சுவரு கிடைக்காமப் போனாலும் பரவால்லன்னு, குழந்தை ஏசு முன்னாடி முட்டி போட்டேன். நீங்க ஒரு தடவையாவது அந்த இறாலுக்கு விரலைக் கொடுத்திருக்கீங்களா? நோட்டுல எழுதத்தான் தெரியும்!"

கிரண் சண்டைக்கு நடுவே நிற்கிற ஆள் இல்லை. சத்தம் போடாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கல்லுக்குப் பின்னால் கையை விட்டான். ஒவ்வொன்றாக எடுத்து சாப்பாட்டுத் தட்டில் வைத்தான். ஏழும் பச்சை பிடித்துப்போய், குழந்தை ஏசுவின் முகம் அடையாளம் தெரியாமல் இருந்தது. உயிரோடிருந்த கடைசி இறாலைப் புது உப்புத் தண்ணீர் பக்கெட்டுக்கு மாற்றினான்.

"பம்பு நிறுத்தணும் சார். கீழ் அலமாரி சாவி கொடி."

தொட்டிக்குக் கீழே வடிகட்டி இருக்கும் அலமாரி அது. ரெமிஜியஸைத் தவிர யாரும் அதைத் திறந்ததில்லை. சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான். அவர் சாவியைக் கொடுக்காமல், "அப்புறம் பார்த்துக்கலாம்ப்பா," என்றார்.

"அப்புறம்னா இறால் போயிடும் சார்."

சாவி வந்தது. கிரண் குனிந்து உள்ளே கையை விட்டான். கொஞ்ச நேரம் தடவினான். "இதேனு இது?" என்றான். வெளியே வந்த கையில் நைலான் கயிறு இருந்தது. பம்புக் குழாயில் ஒழுங்காக இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்த கயிறு. அதன் நுனியில் எட்டாவது பதக்கம் தொங்கியது. பவுலின் வாங்கிய எல்லாவற்றையும்விடப் பெரியது.

"இது என்னோடது இல்ல," என்றாள் பவுலின்.

ரெமிஜியஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிரண் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, காற்றுப் பம்பு போடுவதாகச் சொல்லி பால்கனிக்குப் போய்விட்டான்.

"எப்போ கட்டினீங்க?"

"கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம்."

"சாமியெல்லாம் சும்மான்னு சொல்ற ஆளு, கடையில போய் பதக்கம் வாங்கினீங்களா? மந்திரிச்சீங்களா?"

"பெர்னார்ட் சாமியார்கிட்டதான். உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னேன்." அவர் குரல் இறங்கிப்போனது. "அவரு ரொம்ப நேரம் சிரிச்சாரு. ஏன்னு இப்பதான் புரியுது."

பவுலினுக்கும் சிரிப்பு வந்தது. அதை வெளியே விடாமல், "இறால் பிழைக்கணும்னு வேண்டினீங்களா?" என்று கேட்டாள்.

ரெமிஜியஸ் இல்லையென்று தலையை ஆட்டினார். தட்டிலிருந்த பதக்கங்களை விரலால் நகர்த்தி வரிசையாக அடுக்கினார். "இறாலுக்கு ஏதாச்சும்னா டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். நீ பேசாம இருந்தா எதை டெஸ்ட் பண்றது? தொட்டி போனாப் போகட்டும், இவளைப் பேச வைன்னு கேட்டேன். வீடு பிணம் கிடக்கிற வீடு மாதிரி இருந்துச்சு பவுலின்."

பவுலின் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் மூக்கு சிவந்திருந்தது. இந்த மனிதர் தன் அப்பா செத்தபோதுகூட இப்படி இருந்ததை அவள் பார்த்ததில்லை. இத்தனை நாள் கேஸ் முடிந்துவிட்டது என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகம் நிமிர்ந்து, அடுத்த வார்த்தைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிடிவாதக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"கேட்டது கிடைச்சுதா?" என்றாள்.

"அரை மணி நேரமா திட்டிக்கிட்டே இருக்கியே."

"அவரைப் போய் பம்புல கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க, திட்டாம?" பவுலினுக்கு இப்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நான் பேசணும்னா என்கிட்டயே வந்து கேளுங்க. என்னைக் கேட்டா இறால் சாகாது."

பால்கனியிலிருந்து கிரண் குரல் கொடுத்தான். பாதித் தண்ணீரை இன்றே மாற்ற வேண்டும், டிரம்மில் இருக்கிற உப்புத் தண்ணீரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் கொட்டினால் சீக்கிரம் முடியும் என்றான். பவுலின் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு பக்கெட்டை எடுத்தாள், இன்னொன்றை ரெமிஜியஸிடம் நீட்டினாள். தூக்கும்போது, அவர் ஆகஸ்டில் கண்ணாடி ஏற்றும் நாளன்று பண்ணிய ஒரு காரியத்திலிருந்து, சேர்த்துவைத்த குறைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் பட்டியலில் செப்டம்பர் முடிவதற்குள் ஆறு பக்கெட் ஆகிவிட்டது. ரெமிஜியஸ் ஒவ்வொன்றுக்கும் "ஆமா, என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் சுமந்தார்.